பங்காவின் தோல்வார்

வேலூர்,
9 மே 1924

அன்பும் மரியாதையும் உள்ள நைனாவுக்கு, சவுரியம்மாள் வணங்கி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் இருமல் குறைந்ததா?

வக்கீல் வீட்டில் பிள்ளை பெற்ற அம்மாளையும் குழந்தையையும் கவனித்து வருகிறேன். மதியங்களில் அலமாரிப் புத்தகங்களைப் படிக்க விடுகிறார்கள், நல்ல மனிதர்கள்.

தொட்டிலுக்கு மேலே, கயிறு கட்டி இழுத்து வீசும் பெரிய பங்கா தொங்குகிறது. அதைத் தாங்கும் தோல்வார் ஒரு வாரமாகக் கிறீச்சிட்டது. தோலுக்கு எண்ணெய்தானே மருந்து என்று தினமும் விளக்கெண்ணெய் தடவச் செய்தேன். சத்தம் நின்றது. பங்கா இழுக்கும் கன்னியப்பன், "தோல் ஷாப்புக்காரர் பொண்ணாச்சே, சும்மாவா?" என்று மெச்சினார்.

நேற்றுக் காலை குழந்தையின் வெள்ளைத் துணியில் செந்தூள் உதிர்ந்திருந்தது. ஷாப்பில் மக்கிய தோல்களைப் பிரித்துப் போட்ட நாட்களில் உங்கள் சட்டையில் ஒட்டி வரும் அதே தூள். உடனே தொட்டிலை இழுத்து நகர்த்திவிட்டு, பங்காவை நிறுத்தச் சொன்னேன்.

"நேத்துதானே எண்ணெய் போட்டோம், இன்னாத்துக்கும்மா பேஜாரு?" என்றார் கன்னியப்பன். ஏணியில் ஏறி வாரைக் கழற்றி மடித்தார். அது அவர் கையிலேயே இரண்டாகப் பிய்ந்துவிட்டது.

பயப்படாதீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தூள் படிந்த உங்கள் சட்டைகளை அப்போதெல்லாம் முகம் சுளித்துக்கொண்டுதான் துவைத்தேன். இன்று அவற்றுக்காக உங்களுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

நான்கு முழ நீளத்தில் நல்ல எருமைத்தோல் வார் இரண்டு அனுப்புங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றில் சுற்றியே அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

குழந்தை அழுகிறது, எழுந்திருக்கிறேன்.

உங்கள் மகள்,
சவுரியம்மாள்