அளவு மூடியில் திராட்சைக் கடல்பாசி

அக்கா,

ஒரு வாரமாக இருமல் விடவில்லை. இன்று காலை புது டானிக் பாட்டிலைப் பிரித்தேன். மேலே கவிழ்த்திருந்த சின்ன அளவு மூடியைக் கையில் எடுத்ததும் உங்கள் முகம் வந்துவிட்டது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் இப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறீர்கள்.

தொண்ணூற்றெட்டில் ஏலத்தோட்ட வேலையை விட்டு நாங்கள் மலையிறங்கி, உத்தமபாளையத்தில் உங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தோம். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. மேலே மலையாளப் பிள்ளைகளோடு வளர்ந்தவள். இங்கே அவள் வாயைத் திறந்தாலே வகுப்பே சிரித்தது. ஒரே மாதத்தில் பள்ளிக்கூடத்தில் பேசுவதை நிறுத்திவிட்டாள். பிறகு வீட்டிலும் தலையாட்டல்தான். பிள்ளை இப்படியே ஊமையாகிவிடுமோ என்று உங்களிடம் வந்து புலம்பினேன்.

"பொறந்த நாளு வருதுல்ல? வகுப்புப் பிள்ளைகளப் பூரா கூப்பிடுத்தா. திங்க வந்த எடத்துல எதுக கேலி பேசும்?" என்றீர்கள்.

நோன்பு திறக்க நீங்கள் காய்ச்சி உறையவைக்கும் கடல்பாசியில் பன்னீர் திராட்சைச் சாற்றைக் கலந்து, ஆளுக்கு ஒரு வாய் கொடுப்பது என்று முடிவாயிற்று. நான் வாங்கி வந்த ஜெலட்டின் பொடியை நீங்கள் தொடவே இல்லை. "அது எந்த எலும்போ என்னமோ. கடல்பாசின்னா எல்லா வீட்டுப் பிள்ளையும் திங்கும்."

எதில் ஊற்றுவது என்பதில்தான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். டம்ளரில் ஊற்றினால் ஒரு டம்ளருக்கே பாதிச் சட்டி காலி. கண்ணாடி கிளாஸ் பிள்ளைகள் கையில் தாங்காது. சிரட்டையில் ஊற்றினால் உருண்டு கவிழ்ந்தது. பணியாரச் சட்டியில் அழகாகத்தான் உறைந்தது, வாயில் வைத்தால் வெங்காய வாசம். அதை நாம் இருவருமே தின்று தீர்த்தோம்.

மறுநாள் ஒரு பையைக் குலுக்கிக்கொண்டு வந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரரின் மருந்துக் கடையில் மீந்த அளவு மூடிகள். "இந்தா, எடுத்துக்கிறச் சொல்லிட்டாக. ஒரு வாய்க்குன்னு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு பாரு." வெந்நீரில் போட்டு எடுத்து, ஊற்றி, உறையவைத்து, தட்டில் அடுக்கினோம். கருஞ்சிவப்பாக என்ன அழகு என்று நாமே மெச்சிக்கொண்டோம். ஒரு மருந்துக் கடைக்காரர் மனைவிக்கும் தோன்றவில்லை, ஒரு பிள்ளை பெற்றவளுக்கும் தோன்றவில்லை.

தட்டைக் கொண்டுபோய் நீட்டியதும் அத்தனை பிள்ளைகளும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள். "ஏலே, இருமல் மருந்துலே" என்று ஒருவன் பின்னால் நகர்ந்தான். சடை போட்ட ஒரு சிறுமி அழுதுகொண்டே வாசலுக்குப் போய்விட்டாள். என் மகள் புதுப் பாவாடையில் சுவரோடு ஒட்டி நின்றாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அப்போதுதான் அவள் சுவரை விட்டு வந்தாள். தட்டில் ஒரு மூடியை எடுத்தாள். அழுத சிறுமியின் முன்னால் போய், தோட்டத்து ஆஸ்பத்திரி சிஸ்டரைப் போலவே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வா துறக்கு மோளே. கரயண்டா."

அழாதே, வாயைத் திற என்று அந்த சிஸ்டர் அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! சிறுமி திறந்தாள். விழுங்கினாள். "இனிக்குதுடி" என்றாள். அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள். எனக்குக் காய்ச்சல் சிஸ்டர், எனக்கு வயித்துவலி சிஸ்டர் என்று இரண்டாம் முறை வந்தவர்களை அவள் மலையாளத்திலேயே அதட்டினாள். எந்தப் பேச்சைக் கேலி செய்தார்களோ அந்தப் பேச்சையே பேசச் சொல்லிக் கெஞ்சினார்கள்.

மூடி பற்றவில்லை. நாம் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து கழுவிக் கழுவிக் கொடுத்தோம். உள்ளேயிருந்து வந்த அவள் குரலைக் கேட்டு நான் அழுதேன். நீங்கள் பார்க்காதது போல, "சோப்பு போடாதத்தா, வாசம் ஏறிரும்" என்றீர்கள்.

போன வருஷம் உங்களுக்குத் தொண்டையில் எதுவும் இறங்காமல் போனபோது, தேனி ஆஸ்பத்திரிக்கு அதே கடல்பாசியை அதே மூடிகளில் கொண்டுவந்தேன். மூடியை நீட்டியதும் அந்தப் பிள்ளைகளைப் போல உதட்டை இறுக்கிக்கொண்டீர்கள். கண் மட்டும் சிரித்தது. அப்புறம் கரகரத்த குரலில், "சும்மா குடுத்தா எப்படி? சிஸ்டரு மாதிரி சொல்லு" என்றீர்கள்.

சொன்னால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. "வெளாடாதீகக்கா" என்று அதட்டிவிட்டேன். நீங்கள் வாயைத் திறந்தீர்கள். அதற்கப்புறம் என்னிடம் நீங்கள் எதுவுமே கேட்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம் அக்கா. சொல்லியிருக்க வேண்டும்.

மகள் இப்போது மதுரையில் ஒரு காலேஜில் பாடம் எடுக்கிறாள். போனை எடுத்தால் வைக்கமாட்டாள். அவளிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

இன்று காலை மூடியில் மருந்தை ஊற்றி, யாருமில்லாத அடுப்படியில் நின்று சத்தமாகவே சொன்னேன். "வா துறக்கு அக்கா. கரயண்டா." என் மலையாளம் அவ்வளவு நன்றாக இல்லை. நீங்கள் சிரித்துக்கொள்ளலாம்.