கருவாயனுக்கு வாள்வடு இல்லை

நலம் பெருகுக. வற்றாத ஆறுகளையுடைய வேங்கை நாட்டின் பேரரசர் அரியணைக்கு வலப்புறம் வீற்றிருந்து, நாட்டு வழக்கங்களைக் கட்டிக்காக்கும் பேரமைச்சர் இளங்கீரந்தையார் திருமுன்பு, வடவெல்லைக் கரும்பொறைக் கோட்டையின் தலைவி அணிமலை நங்கை விடுக்கும் ஓலை. தங்கள் குடியும் தலைநகரத்துக் குளங்களும் குறைவின்றி நிறைந்திருக்கக் கரும்பொறையார் வாழ்த்துகின்றனர். இங்கே நலமில்லை.

தங்கள் தூதர் நேற்று வந்து ஆணையைப் படித்துக் காட்டினார். போரில் வீழ்ந்தோருக்குக் கோட்டை வாயிலில் நட்ட கற்களின் வரிசையில், நோயில் இறந்த ஒரு நாய்க்கும் தலைவி கல் நட்டது முறைகேடு என்றும், நோயில் இறந்தவர் அரசரே ஆனாலும் உடலில் வாளால் ஒரு கீறல் இட்ட பின்னரே கல் பெறுவது இந்நாட்டு வழக்கம் என்றும் அவ்வாணை கூறிற்று. ஆகவே குழியைத் தோண்டி நாயின் உடலில் வாள்வடு இட வேண்டுமாம். அன்றேல் நிறைமதி நாளுக்குள் கல்லைப் பிடுங்க வேண்டுமாம். இரண்டும் செய்யாவிடில் கோட்டைத் தலைமை பறிபோகுமாம். வடு இடுவதற்கென்றே அவையின் சடங்கு வாளையும் பட்டுறையில் இட்டு அனுப்பியிருந்தீர்கள். தங்கள் முன்யோசனையைத் தலைவி மெச்சினாள்.

இறந்தவன் பெயர் கருவாயன். ஆணையில் 'ஒரு நாய்' என்று மட்டுமே கண்டதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதினோர் ஆண்டுகள் தலைவியின் வீட்டில் வளர்ந்தவன். அவன் செய்த வீரச்செயல் யாதெனத் தூதர் வினவ, ஒன்றுமில்லை என்று தலைவி விடை கூறினாள். இடி இடித்தால் நெற்குதிரின் பின்னே ஒளிந்துகொள்வான். கள்வன் வந்திருந்தால் வாலாட்டி உள்ளே அழைத்துப் போயிருப்பான்.

ஆவணியில் அவன் வயிறு வீங்கிற்று. மருத்துவர் கையை விரித்துவிட்டார். பின்கால்கள் விழுந்த பிறகு, ஏழு போர்களில் ஏழு வடுப் பெற்ற தலைவியின் கணவர் சேந்தனார் அவனைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுபோய் வந்தார். தலைவி கஞ்சியைத் துணியில் நனைத்து அவன் வாயில் பிழிந்தாள். நாற்பத்தொரு நாள் இப்படிக் கழிந்தது. அவ்வளவு வலியிலும், அவள் அறைக்குள் நுழைந்த ஒவ்வொரு முறையும் அவன் வால் தரையைத் தட்டிற்று. கடைசி நாளிலும் தட்டிற்று. வேல் பாய்ந்து அலறிய வீரர் பலரை அவள் கண்டிருக்கிறாள். அவர்களை அவள் பழிக்கவில்லை. ஆனால் சாகக் கிடந்தும் பிறரை மகிழ்விக்க முயன்றவன் இவன் ஒருவனே. அவன் போனபின் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. தலைவி அழுதாள், இன்னும் அழுகிறாள். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமில்லை.

வாள்வடு எதற்கென்று அறிந்தோரைக் கேட்டால், இவன் வலி தாங்கினான் என்பதற்குச் சான்று என்பார்கள். அந்தச் சான்றைத் தலைவி நாற்பத்தொரு நாள் கண்ணால் கண்டாள். அதற்கு மேலும் வடு வேண்டுமெனில், தம் ஏழில் ஒன்றைக் கருவாயனுக்குத் தந்துவிட்டதாகச் சேந்தனார் தூதரிடம் கூறினார். நகம் வெட்டுகையிலும் கீறல் படாத அமைச்சரவை விரும்பினால் இன்னொன்றை அதற்கும் தரச் சித்தமென்றார். இப்பேச்சுக்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. தலைவியும் கேட்கச் சொல்லவில்லை.

ஆகவே கல் நிற்கும். குழி மூடியே இருக்கும். தலைமையைப் பறிப்பதானால் பறித்துக்கொள்க. புதியவர் வரும் நாளில், அக்கல்லின் அருகே நின்று கோட்டைச் சாவியைத் தலைவியே கொடுப்பாள். கல்லைத் தொட வருவோர் முதலில் அவளை அங்கிருந்து அகற்றட்டும்.

காவல் மாறும் வீரர் நாள்தோறும் மற்றக் கற்களுக்கு நீர் வார்ப்பதுபோல் கருவாயன் கல்லுக்கும் வார்க்க வேண்டும் என்பது இக்கோட்டையின் ஆணை. இவ்வோலை அக்கல்லின் முன் அமர்ந்து எழுதப்பட்டு, கரும்பொறை முத்திரை இடப்பட்டது. தங்கள் வாள் உறையிலிருந்து உருவப்படாமல், தாங்கள் இட்ட அரக்கும் உடையாமல், இத்துடன் திரும்புகிறது. அவன் பட்ட வலி போதும்.