கூரையேறிய பூசணி

மாரண்டஹள்ளி

அன்பு மகன் ரஞ்சித்குமாருக்கு அம்மா எழுதுவது. குவைத்தில் நீ நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய்வர மாரியம்மன் துணையிருக்கட்டும். இங்கே அப்பாவும் தங்கை கோகிலவாணியும் நானும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுதும் படி.

கோகிலவாணிக்கு இப்போது எட்டாம் மாதம் நடக்கிறது. மூன்றாம் மாதத்திலேயே, ரத்தம் போதவில்லை, தினமும் கீரையும் காயும் வேண்டும் என்று நர்சம்மா சொன்னார். விலைக்கு வாங்க நமக்கு ஏது வழி, பாத்திரம் கழுவும் தண்ணீரைப் புழக்கடைக்குத் திருப்பிக் கத்தரி, அவரை, அரைக்கீரை போட்டேன், ரேஷன் அரிசிச் சோற்றுக்கு அதுதான் குழம்பு. பூசணிக்கொடி ஒன்று பக்கத்தில் உன் சித்தப்பா சென்றாயன் வீட்டு ஓட்டின்மேல் ஏறிவிட்டது. யார் கூரையில் காய்க்கிறதோ அவர்கள்தான் முதல் காயை அறுக்க வேண்டும், அது நம் ஊர் வழக்கம். உன் அப்பாவின் அவசரம்தான் உனக்குத் தெரியுமே, ஒரு வார்த்தை கேட்காமல் ஏறி அறுத்துவிட்டார், ஓடும் உடைந்தது.

சென்றாயன் கொடுவாளோடு வந்தான். எங்க வூட்டு மேல காச்சத யாரக் கேட்டு அறுத்தே என்று கத்திக்கொண்டே கொடியை வெட்டினான், அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அவரைப் பந்தலைச் சாய்த்தான், கத்தரியை மிதித்து நாசம் செய்தான். மாசமா இருக்கறவ சோறுடா அது என்று தடுத்த உன் அப்பாவை நெஞ்சில் உதைத்துத் தள்ளிக் கொடுவாளை ஓங்கினான். என் கையில் மண்வெட்டி இருந்தது, ஓங்கிய கையில் போட்டேன். கொடுவாள் விழுந்த பிறகும் இன்னொரு முறை போட்டேன். அது உன் அப்பாவைக் காப்பாற்ற இல்லை சாமி, என் ஆத்திரத்துக்கு. எலும்பு தெரிந்தது, கீரைப் பாத்தியெல்லாம் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் அவன் வலது கையை எடுத்துவிட்டார்கள். நான் ஜாமீனில் இருக்கிறேன். லீவு போட்டு வந்து அந்தாளோட இன்னொரு கையையும் எடுத்துடறேன் என்று தங்கையிடம் சொன்னாயாம். வெட்டுவது பெரிய வித்தை இல்லையடா, எனக்கே வந்தது. இப்போது அவன் வாசலில் உட்கார்ந்து இடது கையால் சோறு அள்ளித் தின்பதைத் தினமும் பார்க்கிறேன், அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தப் பாத்தியைக் கொத்தி மறுபடி கீரை விதைத்தேன், செழிப்பாகத்தான் வந்திருக்கிறது. கோகிலவாணிக்குக் கடைந்து கொடுக்கிறேன், எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

உனக்கு எல்லா நலமும் கிடைக்கட்டும், வெயிலில் தலையை மூடிக்கொள். தங்கை பிரசவத்துக்கு வா, வெறுங்கையோடு வா. வெட்டத்தான் வருவாய் என்றால், என் சாவுக்கும் வராதே.

ஆசீர்வாதத்துடன் உன் அம்மா
தீர்த்தம்மாள்