தைத்து மூடப்பட்ட ஆமைக் கதவுகள்

அனுப்புநர்:
வலை தைக்கும் பெண் தொழிலாளி,
வலைக்கூடம், மீன்பிடித் துறைமுகம்.

பெறுநர்:
உயர்திரு கடல் உயிரினப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: இழுவலைகளின் ஆமைக் கதவுகள் தைத்து மூடப்பட்டிருப்பது – புதன்கிழமை படகுகள் கிளம்புமுன் முன்னறிவிப்பின்றிச் சோதனையிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இழுவலையில் மாட்டும் ஆமை தப்பிப் போவதற்காக வைத்த திறப்பைக் கதவு என்கிறோம். அதை மூடினால் ஆமை மூச்சுவிட மேலே வர முடியாமல் வலைக்குள்ளேயே சாகும். இங்குள்ள பதினொரு படகுகளிலும் அது மூடித்தான் இருக்கிறது. மூடியவள் நான். முதலாளி சொன்னார், தைத்தேன். இதை மறைத்துப் புகார் எழுத எனக்குக் கை வரவில்லை.

2. தாங்கள் சோதனைக்கு வரும் தேதி தங்கள் ஜீப் டிரைவருக்குத் தெரிவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. தங்கள் அலுவலகத்திலிருந்து முதலாளிக்குப் போன் வரும். அவர் என் கணவரிடம் சொல்வார். என் கணவர் ஒரு படகை ஓட்டுபவர். அவர் எனக்குப் போன் போட்டு, சோதனை என்று சொல்லாமல் "சம்பந்தி வர்றாங்க" என்பார். அவ்வளவுதான், நான் தையலைப் பிரித்துவிடுவேன். தங்கள் ஆட்கள் வந்து 'கதவு உண்டு' என்று படிவத்தில் எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள். மறுநாள் மறுபடியும் தைப்பேன்.

3. இரண்டு வாரத்துக்கு முன் அதே போன் வந்தது. விழுந்தடித்துக்கொண்டு பதினொரு வலையையும் பிரித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், மகளின் மாமனாரும் மாமியாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். "எந்த சம்பந்தின்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?" என்று கணவர் தலையில் அடித்துக்கொண்டார். பயத்தில் நானும் அவரும் இதை முதலாளியிடம் சொல்லவில்லை. படகுகள் திறந்த கதவோடு அப்படியே கடலுக்குப் போய், ஆறு நாள் கழித்துத் திரும்பின.

4. அந்த ஆறு நாளில் ஓர் ஆமைகூடச் செத்துக் கரை ஒதுங்கவில்லை. அதற்கு முந்தைய வாரம் பதினேழு. எண்ணியது நானே. எல்லாம் முட்டையிட வந்த பெண் ஆமைகள், ஐயா. மீனும் இறாலும் எப்போதும் போலத்தான் கிடைத்தன. கதவைத் திறந்தால் மீன் ஓடிவிடும் என்று இத்தனை வருடம் எங்களிடம் சொன்னது வெறும் கதை. அதை நம்பித்தான் தைத்தோம்.

5. வலை காயப்போட்டபோது கதவு திறந்திருப்பதை முதலாளி பார்த்துவிட்டார். மறுபடி தைக்கச் சொன்னார். தயங்கினேன். "ஆமைக்குப் பாவம் பாத்தா உன் புருஷன் கரையிலதான் உக்காரணும், பாத்துக்கோ" என்றார். இன்று காலை தைத்து முடித்தேன். புதன்கிழமை பதினொரு படகும் கிளம்புகின்றன. முட்டையிடும் பருவம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

ஆகவே தாங்கள் செவ்வாய்க்கிழமையே நேரில் வர வேண்டும். யாரிடமும் சொல்ல வேண்டாம். தங்கள் அலுவலகத்தில் நிச்சயமாக வேண்டாம். அதற்காகத்தான் இம்மனுவைத் தபாலில் போடாமல், தங்கள் அறை வாசலில் நின்று தங்கள் கையிலேயே தருகிறேன். கதவு இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, கையை விட்டுத் தள்ளிப் பாருங்கள். திறக்காது.

வழக்குப் பதிந்தால் தைத்தவள் என்று என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டு ஊரைக் காட்டிக்கொடுத்தாள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். சோதனையை நான்காம் படகிலிருந்து தொடங்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதை ஓட்டுபவர் என் கணவர். இந்த மனுவைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது.

இடம்: மீன்பிடித் துறைமுகம்
நாள்: திங்கட்கிழமை

இங்ஙனம்,
(கையொப்பம்)
வலை தைப்பவள்