பெட்டிக்குள் வைக்க வேண்டிய மட்டை

ஆற்றங்கரைச் சாலை,
ஜூன் 10

அன்புள்ள தம்பி ரஸ்ஸுக்கு,

அக்கா ஆர்லீன் எழுதிக்கொண்டது. வடக்கே புது போலீஸ் ஸ்டேஷனில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய்யில் ஆரம்பிக்க வேண்டாமென்று விட்டுவிட்டேன். நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. தபால்காரர் நீ எடுக்கிறாயா இல்லையா என்று பார்க்கமாட்டார், பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதனால் கடிதம்.

உன் அத்தானை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். நியூயார்க்கிலும் பஃபலோவிலும் இரும்புக் கட்டடங்களின் மேல் நின்று இத்தனை வருஷம் குடித்த தூசி நெஞ்சில் உறைந்துவிட்டதாம். இலை உதிரும் காலம் வரை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எல்வுட் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "ஸ்ட்ராபெரி பழுக்குறவரைக்கும் இருப்பேன்ல? அது போதும். போன வருஷம் நீ சர்க்கரைய கம்மியா போட்டுட்ட, இந்த வருஷம் ஒழுங்கா போடு" என்றார். பழம் பழுத்ததும் ஸ்ட்ராபெரிச் சாற்றில் சர்க்கரை நிறையப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு டம்ளர் குடித்தார்.

குடித்து முடித்ததும் தினமும் கேட்பதைக் கேட்டார். "என் மட்டை வந்துச்சா?"

இன்னும் வரவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கம் நீயும் சட்டையில் போலீஸ் பட்டையோடு நின்றாய். இருந்தாலும் நான் பார்த்ததை எழுதுகிறேன். நம் முன்னோர் வெள்ளைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டார்களே தவிர விற்கவில்லை என்று நாம் சொல்கிற அந்த வயலில், வீடு கட்ட வந்த கம்பெனியை மறித்து நம் பூர்வகுடி ஜனங்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். நான் சமையல் கூடாரத்தில் சோள சூப்புக்கு நின்றேன். ஆண்கள் சும்மா உட்கார முடியாமல், வலை வைத்த மட்டையால் பந்தை எறிந்து பிடிக்கும் நம் லக்ரோஸ் ஆடினார்கள். எல்வுட்டுக்கு ஓட மூச்சில்லை. ஆனாலும் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, கோல் ஓரம் நின்று எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். களைத்ததும் மட்டையை டிரக்கின் பின்தட்டில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

பக்கத்து வெள்ளைக்கார ஊர் பிளெட்சரிலிருந்து ஆட்கள் கொடியோடு வேலிக்கு வந்தார்கள். அப்புறம் கல் வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து முதல் கல் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், நம் பையன்கள் ஒன்றும் பூசைக்கு வந்த பிள்ளைகள் இல்லை. ஆனால் வேலியைத் தாண்டி வந்து பேஸ்பால் மட்டையால் எங்கள் டிரக்கின் முன்விளக்கை உடைத்தது ஹார்டுவேர் கடை டக். எங்கள் வீட்டுக் கூரைக்கு ஆணி விற்ற அதே டக். உடைத்துவிட்டு, "சட்டம் ஒங்களுக்குத் தனியாடா?" என்று கத்தினான்.

போலீஸ் நடுவில் புகுந்தது. சரி, புகட்டும். டக்கின் மட்டையை வாங்கிக்கொண்டு, அவன் தோளில் கை போட்டு, "போதும் டக், வீட்டுக்குப் போ" என்று பேர் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் டிரக்கைத்தான் சோதனை போட்டார்கள். அவர்கள் வருவதைப் பார்த்தேன். நான்தான் டிரக்குக்குப் பக்கத்தில் இருந்தேன். கம்பளியை இழுத்து மட்டைமேல் போட்டிருக்கலாம். என் கை போகவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மட்டையைச் சுற்றித்தான் துடைத்திருக்கிறேன், ஒரு நாளும் விரல் பட்டதில்லை. ஆண்கள் ஆடும் மர மட்டையைப் பெண் தொடக் கூடாது என்று எனக்கு யாரும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சோதனை போட்ட ஒரு பெண் போலீஸ் தொட்டாள். கழுத்தைப் பிடித்துக் கோழியைத் தூக்குவதுபோல் தூக்கினாள். அவளுக்குத் தெரியாது, அவள்மேல் எனக்குக் கோபமில்லை. சார்ஜன்ட் வாங்கி உயர்த்திப் பார்த்துவிட்டு, உன்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "இது என்னப்பா?"

நீ உன் பூட்ஸைப் பார்த்தாய்.

ஒரு வார்த்தை, ரஸ். ஒரு விளையாட்டின் பெயர். அதைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்குமா? உனக்கு மத்தளம்போல் இரண்டு பக்கமும் இடி என்று எனக்குத் தெரியும். அவர்கள் உன்னை நம் உளவாளி என்கிறார்கள். நம் பையன்கள் உன்னை ஆப்பிள் என்கிறார்கள், வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை. அப்படிச் சொன்னவன் ஒருவன் கன்னத்தில் நான் அறைந்திருக்கிறேன். இனிமேல் அறைய மாட்டேன்.

மட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள், ஆபத்தான ஆயுதம் வைத்திருந்தாராம் உன் அத்தான். வழக்கு. படியேற மூச்சு வாங்குகிற மனிதர். டக்கின் மட்டையை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அது விளையாட்டுச் சாமானாம். காபிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, "சீசன் நேரத்துல பேட் இல்லாம எப்படி?" என்று அவன் சிரித்ததை நம் சித்தி மகன் மெல்வின் காதாரக் கேட்டிருக்கிறான். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பது இதுதான்.

மறந்திருப்பாயோ என்று எழுதுகிறேன்: சவப்பெட்டிக்குள் மட்டை இல்லாமல் போகிறவன் மேலுலகத்தில் ஆடுகிறவர்களை ஓரத்தில் நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அதற்குத்தான் அவர் தினமும் கேட்கிறார். அது என்ன பொருள் என்று கோர்ட்டுக்கு நீ எழுது. போலீஸ்காரன் எழுதினால் நம்புவார்கள், நாங்கள் சொன்னால் சாக்கு என்பார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அக்கா ஆர்லீன்

---

ஆற்றங்கரைச் சாலை,
செப்டம்பர் 22

அன்புள்ள ரஸ்ஸுக்கு,

உன் பார்சலும் சீட்டும் வந்து சேர்ந்தன. நடப்பிலிருக்கும் வழக்கில் தலையிட உனக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருந்தாய். நல்ல எழுத்து. உன்னைப் பள்ளிக்கு அனுப்பியது வீணாகவில்லை.

பார்சலைப் பிரித்தபோது எல்வுட்டுக்கு என் மேல் சாய்ந்துதான் உட்கார முடிந்தது. புத்தம்புது மட்டை. அலுமினியக் கைப்பிடி, பிளாஸ்டிக் தலை, நீலக் கலர். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இதத் தூக்கிட்டு அங்க போனேன்னா, வடிகட்டி கொண்டாந்திருக்கான், இவன சமையலுக்கு அனுப்புங்கன்னுடுவாங்க" என்றார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரமாயிற்று. அவர் மட்டையை ஹிக்கரி மரத்தில் ஆவி காட்டி வளைத்தவர் அவருடைய அப்பா. உனக்கு அது தெரியும். தெரிந்தேதான் அனுப்பினாயா, அல்லது உண்மையிலேயே நல்லது செய்வதாக நினைத்தாயா என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். இரண்டாவதாக இருந்தால் இன்னும் வருத்தம். மட்டையை மெல்வினின் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். பிளாஸ்டிக் மட்டையில் பெண்கள் டீம் ஆடுகிறார்கள், அவளுக்குச் சந்தோஷம்.

வழக்கை மறுபடியும் தள்ளி வைத்துவிட்டார்கள். எல்வுட்டைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனோம், நீதிபதிக்கு நேரமில்லை என்றார்கள். அந்தப் பொருளை மட்டுமாவது விடுங்கள் என்று நம் வக்கீல் கேட்டார். தீர்ப்பு வரும்வரை ஆயுதத்தை விட முடியாது என்று பதில். ஆயுதமா இல்லையா என்பதுதானே வழக்கே? கேட்டால் கோபம் வருகிறது அவர்களுக்கு.

போலீஸ் பாரபட்சம் பற்றிக் கேட்க அரசாங்கத்திலிருந்து ஒருவர் வந்து, பள்ளிக்கூட ஜிம்மில் கூட்டம் போட்டார். நம்மவர்கள் ஒரு பக்கம், ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் ஒரு மைக். டக்கின் பெண்டாட்டி ஜோன் முதலில் எழுந்தாள். "அவங்களுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டம். ரோட்ட மறிச்சுக்கிட்டு நின்னாங்க, எங்க அம்மாவுக்கு மருந்து வாங்கிட்டுப் போக முடியல, போலீஸ் கையக் கட்டிக்கிட்டுப் பார்த்துச்சு" என்றாள். அழுதாள். அதில் பொய் இல்லை, ரஸ். நம் பையன்கள் மறித்தார்கள், போலீஸ் நின்றது. ஆனால் அந்த முதல் வாக்கியத்தைத்தான் நான் வீட்டிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். எழுத்துக்கு எழுத்து. நான் எழுந்து, "ஜோன் சொன்னதுதான் நான் சொல்ல வந்ததும். ஆனா ஒண்ணு கேக்குறேன். ஒங்க வீட்டு பேட் இப்ப எங்க இருக்கு, எங்க வீட்டு மட்டை எங்க இருக்கு?" என்றேன். நம் பக்கம் கை தட்டினார்கள். ஜோன் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். அரசாங்கத்து ஆள் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

மேப்பிள் மரம் ஒரு பக்கமாகச் சிவந்துவிட்டது. அவர் இப்போது சூப்பின் தண்ணீரை மட்டும் குடிக்கிறார்.

வா. கடிதம் வேண்டாம், பார்சல் வேண்டாம். யூனிஃபார்ம் போடாமல் வா. உன் படுக்கையை விரித்து வைத்திருக்கிறேன். அவர் உன்னை ஒன்றும் கேட்க மாட்டார். நான் கேட்பேன், அதைத் தாங்கிக்கொள்.

அக்கா ஆர்லீன்

---

ஆற்றங்கரைச் சாலை,
நவம்பர் 3

தம்பி ரஸ்ஸுக்கு,

எல்வுட் போன பத்தாம் நாள் விருந்து முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுதுகிறேன். உன் பூச்செண்டு வந்தது. அட்டையில் உன் பெயர் பூக்கடைக்காரியின் கையெழுத்தில் இருந்தது.

அவர் ஓநாய்க் குலம், துக்கக்காரக் குலம் வேலை தொடக் கூடாது, அதனால் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், வேலையெல்லாம் நம் கரடிக் குலத்தார் செய்தார்கள். நீ பிடிக்க வேண்டிய மண்வெட்டியை மெல்வின் பிடித்தான். சாலை முனையில் ஒரு போலீஸ் கார் நின்றது. நாங்கள் கலகம் செய்யாமல் புதைக்கிறோமா என்று பார்க்க வந்திருக்கும். ஒரு பொடியன் காரிலிருந்து இறங்கித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். அவன் பெயர் எனக்குத் தெரியாது. நல்லா இருக்கட்டும்.

போவதற்கு நான்கு நாள் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது, மட்டை வராது என்று. என்னைக் கூப்பிட்டு, "அடுப்பறைக் கதவுக்குப் பின்னால ரஸ்ஸோடது தொங்குதுல்ல? அத பெட்டியில வெச்சுடு" என்றார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் வளைத்துக் கொடுத்தது. நீ போலீசில் சேர்ந்த வருஷம் மாட்டிவிட்டுப் போனது. அது அவன் மட்டை, அவனைக் கேட்க வேண்டாமா என்றேன். "வாயத் தொறந்து பேசுற ஆளா அவன்?" என்றார். சிறுவன் மட்டை, உங்களுக்கு உயரம் போதாதே என்றேன். "குனிஞ்சு ஆடிக்கிறேன்" என்றார். அவர் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான்.

மெல்வின் எடுத்து வைத்தான். நான் தொடவில்லை. அவர் வலது கைப் பக்கம் வைத்தான், குனிந்தால் எட்டும்.

இன்று அவர் சாமான்களை மேஜைமேல் பரப்பிப் பங்கிட்டோம். இரும்பு வேலைக்குக் கட்டும் பெல்ட்டும் ஸ்பானர்களும் மெல்வினுக்கு. பூட்ஸ் குழி வெட்டியவர்களில் ஒருவருக்கு. ஒற்றைக் கண் டிரக் எனக்கு. மேஜையின் நடுவில் ஓர் இடத்தைக் காலியாக விடச் சொல்லியிருந்தேன். பங்கு சொல்பவர் அங்கே வந்ததும் என்னைப் பார்த்தார். "போலீஸ் ஸ்டோர்ல இருக்குற மட்டை ரஸ்ஸுக்கு" என்று சொல்லச் சொன்னேன். சொன்னார். மெல்வின் எழுந்து வெளியே போய்விட்டான்.

செத்தவர்மேல் வழக்கு நடக்காதாம், முடித்துவிட்டார்கள். குற்றவாளி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. யாரும் வந்து கேட்காவிட்டால் பனி உருகும் சமயத்தில் பிடிபட்ட ஆயுதங்களோடு சேர்த்து அதையும் அழித்துவிடுவார்கள் என்று வக்கீல் எழுதியிருக்கிறார். நான் போய் வாங்க முடியாது, வாங்கினால் கையில் ஏந்த வேண்டும். மெல்வின் ரோடு மறித்த வழக்கில் ஜாமீனில் இருக்கிறான், பிளெட்சருக்குள் கால் வைக்கக் கூடாது. உன்னால்தான் முடியும். உனக்கு அதிகாரம் தந்து நான் கையெழுத்திட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

கவுன்ட்டரில் இருப்பவர் உள்ளே போய் எடுத்து வந்து உன் முன்னால் வைப்பார். உன் கூட்டாளியாகவே இருப்பார். தூக்கிப் பார்த்துவிட்டு, இது என்னப்பா என்று உன்னைக் கேட்பார்.

இந்தத் தடவை பூட்ஸைப் பார்க்காதே.

உன்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை, தீரும் என்று எழுதவும் மாட்டேன். ஆனால் அம்மா போன பிறகு உன்னை வளர்த்தது நான். உன் மட்டை அவரோடு போய்விட்டது. அவருடையதை நீ வாங்காவிட்டால் உன் பெட்டியில் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நீ போய் அதைக் கையில் வாங்கும்வரை உனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். நீண்ட காலம் இரு, தம்பி.

உன் அக்கா,
ஆர்லீன்