வேனுக்கு எத்தனை வாட்

சோமனூர்
4.3.1996

அன்புள்ள உமர் பாரூக் பாய்க்கு,

கடையும் சபுராம்மாவும் சௌக்கியம்தானே? தறிகளை மகன் சுரேந்தரிடம் விட்டாயிற்று. இனி அவன் பாடு, நூல் விலையின் பாடு.

பழைய வேன் ஒன்று வாங்கி, உள்ளே படுக்கையும் கேஸ் அடுப்பும் வைத்திருக்கிறேன். குழந்தையம்மாளை ராமேசுவரம் கூட்டிப்போக ஆசை. கல்யாணமானதிலிருந்து நான் அவளைக் கூட்டிப்போன தூரதேசம் பவானி. அதுவும் ஜமக்காளம் எடுக்க.

விசிறியும் விளக்கும் வண்டி பேட்டரியில் ஓட ஒரு இன்வெர்ட்டர் வேண்டும். பெரிதாகவே கொடுங்கள்.

தம்பிதுரை

உக்கடம்
9.3.1996

அன்பு அண்ணனுக்கு,

பெரிது வேண்டாம். கடை வைத்திருப்பவன் இப்படிச் சொல்வது எனக்கே புதிதாக இருக்கிறது. ஓட்டப்போகும் சாமான்களின் வாட்டைக் கூட்டி, அதற்குக் கொஞ்சம் மேலே எடுத்தால் போதும். உங்கள் விசிறியும் விளக்கும் நூறு வாட். இருநூறு வாட் தாராளம். பெரிய இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே பேட்டரியைக் குடிக்கும்.

வண்டியின் பேட்டரியைத் தொடாதீர்கள். தனியாக ஒன்று வையுங்கள். ஓடும்போது டைனமோ இரண்டையும் சார்ஜ் செய்துவிடும். இல்லையென்றால் ராத்திரி விசிறி ஓடியதற்குக் காலையில் நீங்கள் வேனைத் தள்ள வேண்டிவரும். அக்கா உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிப்பார்கள்.

உங்கள் உமர் பாரூக்

சோமனூர்
17.3.1996

அன்புள்ள பாய்க்கு,

கணக்கு மாறிவிட்டது. "ஏனுங்க, சட்னிக்கு என்ன பண்றதுங்க?" என்றாள் குழந்தையம்மாள். மிக்ஸி சேர்த்தேன். மறுநாள், "மாவில்லாம எப்படீங்க?" என்றாள். கிரைண்டரும் சேர்த்தேன். நேற்று இஸ்திரிப்பெட்டி. ஆர்வமாகத்தான் கேட்கிறாள். எத்தனை வாட் ஆகும்?

தம்பிதுரை

உக்கடம்
22.3.1996

அன்பு அண்ணனுக்கு,

கிரைண்டர் மோட்டார் கிளம்பும்போது மூன்று பங்கு இழுக்கும். அதற்கே ஆயிரத்து ஐந்நூறு வாட் வேண்டும். மாவு அரைபடுவதற்குள் பேட்டரி படுத்துவிடும். நாலு பேட்டரி வைத்தால் படுக்கைக்கு இடமில்லை.

உங்கள் கடிதத்தைச் சபுராவும் படித்தாள். "அக்காவுக்கு அந்த வண்டியில போக இஷ்டமில்லைங்க. வேண்டாம்னு சொன்னா மரியாதையா இருக்காதுன்னு ஒவ்வொண்ணா கேக்கறாங்க. ஊட்டிக்கு வராம இருக்க நானும் உங்ககிட்ட இப்படித்தான் கம்பளி கேட்டேன். நீங்க வாங்கியே குடுத்துப்போட்டீங்க" என்றாள்.

எனக்கு இது பதினெட்டு வருடம் கழித்துத் தெரிகிறது. நீங்கள் இப்போதே கேட்டுவிடுங்கள். அதுவரை எதையும் அனுப்பமாட்டேன்.

உமர் பாரூக்

ராமேசுவரம்
14.4.1996

அன்புள்ள பாய்க்கும் சபுராம்மாவுக்கும்,

கேட்டேன். "பாக்கலாமுங்க" என்றாள். விடாமல் கேட்டதில் ஒருநாள் சொன்னாள்: "தறிக்காரங்களுக்கு இத்தனை வருசம் ஆக்கிப்போட்டது போதாதுங்களா? ராமேசுவரத்துலயும் அதே அடுப்புதானுங்களா?"

வசதி என்று நினைத்துத்தான் அடுப்பை வைத்தேன். அன்றைக்கே கழற்றிப்போட்டேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "எப்பங்க கெளம்பறது?" என்றாள்.

நீங்கள் அனுப்பிய இருநூறு வாட்டில் விசிறி நன்றாக ஓடுகிறது. வழியெல்லாம் ஓட்டல் சாப்பாடு. சாம்பாரில் உப்பில்லை, தோசை வறட்டி மாதிரி இருக்கிறது, காப்பியை மனிதர் குடிப்பாரா என்று மதுரையிலிருந்து பாம்பன் பாலம் வரை குறை சொல்லிக்கொண்டே வந்தாள். அவளை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததேயில்லை.

தம்பிதுரை