கல் மேசையும் அட்டைப்பெட்டியும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை மச்சினன் அந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து முதலாளியம்மாவின் விளையாட்டு ஹாலில் இறக்கினான். குச்சியால் பந்தடித்துக் குழியில் தள்ளும் பூல் மேசையாம். நான்கு பேர் தூக்கினார்கள், இரண்டு பேரே போதும். என் மேசையை அசைக்க ஆறு பேர் வேண்டும், அதிலும் ஒருவர் மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார். காசு போட்டு ஆடுகிற மேசைக்கு அதுதான் லட்சணம். தோற்றவன் உதைப்பான், ஜெயித்தவன் ஏறி உட்காருவான். இரண்டையும் தாங்க வேண்டும்.

ஹாலில் இருக்கும் ஆறு மேசைகளும் பன்னிரண்டு வருடம் முன் நான் செய்தவை. இப்போது கிழடு தட்டிவிட்டன. முதலாளியம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "மேசைக்காரரே, நீங்க புதுசா செஞ்சது ஒண்ணு, உங்க மச்சினன் கொண்டாந்தது ஒண்ணு. ரெண்டும் ஒரு மாசம் பக்கத்துல பக்கத்துல ஓடட்டும். எது ஒழுங்கா ஓடுதோ அதுல ஆறு வாங்கிக்கிறேன்."

இந்த ஆறும் கைவிட்டுப் போனால் பட்டறைக்குப் பூட்டுதான். வேறு பெரிய இடம் எனக்கு மிச்சமில்லை.

ஒன்பது வருடம் என்னோடு பங்காளியாக இருந்தவன், என் மனைவியின் தம்பி, இன்று கழுத்தில் டை கட்டிக்கொண்டு கம்பெனி ஏஜெண்டாக நிற்கிறான். "நல்லா இருக்கீங்களா அத்தான்?" என்றான். ஒரு திருகு கீழே விழுந்ததுபோல் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன், அவன் போகும்வரை.

மார்ச் 5, புதன்

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். நாளைக்கு எவனும் என்னை ஓரவஞ்சனைக்காரன் என்று சொல்லக் கூடாது.

என் மேசையின் தளம் ஒரே கற்பலகை. அவனுடையது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஒரு கிளாஸ் தண்ணீர் கொட்டினால் ஊதிப் போகும். என் மூலைகள் வார்ப்பிரும்பு. அவனுடையது பிளாஸ்டிக், இரும்பு மாதிரி சாயம் பூசியிருக்கிறான். என் மேசையில் காசை வைத்துக் கட்டை விரலால் தள்ளினால் கடகடவென்று பந்துகள் இறங்கும். அவனுடையதில் ஒரு சின்னத் திரை, பாட்டரி. பாட்டரி தீர்ந்தால் மேசை மௌன விரதம்.

பக்கவாட்டில் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். உள்ளே பந்து சிக்கினால் அதைத் திறந்து எடுத்துவிடலாம். என்னுடையதில் மேல்பகுதியையே கழற்ற வேண்டும். அந்தக் கதவு நல்ல யோசனை. இதை எழுதக் கை வரவில்லை, எழுதிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

தினமும் ஆட வரும் டாக்சிக்காரரோடு சண்டை. வெள்ளைப் பந்தால் வந்தது.

குழியில் விழும் பந்துகளை மேசை தன் வயிற்றில் பூட்டி வைத்துக்கொள்ளும். அடுத்த காசு போட்டால்தான் விடும். குச்சியால் அடிக்கிற வெள்ளைப் பந்து மட்டும் எத்தனை முறை விழுந்தாலும் திரும்பி வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் அதோடு சரி. என் மேசையில் வெள்ளை மற்றவற்றைவிட மூன்று மில்லிமீட்டர் பெரியது. அதனால் உள்ளே இருக்கும் சந்தில் நுழைய முடியாமல் வெளியே உருண்டு வந்துவிடும். அவன் மேசையில் எல்லாப் பந்தும் ஒரே அளவு. வெள்ளைக்குள் இரும்புத்தூள், மேசைக்குள் காந்தம். காந்தம் இழுத்துத் தனி வழியில் தள்ளிவிடும்.

"உங்க வெள்ளைப் பந்து பூசணிக்கா கணக்கா இருக்கு. பின்னால திரும்பி வர்ற மாதிரி அடிச்சா வரவே மாட்டேங்குது. அந்த மேசையில நெனச்ச எடத்துல நிக்குது" என்றார் டாக்சிக்காரர்.

"ஆடத் தெரியாதவனுக்கு மேசை கோணல்" என்றேன். அவர் மூன்று நாளாக அந்த மேசையில்தான் ஆடுகிறார்.

மார்ச் 13, வியாழன்

ஒரு ஆள் அட்டைப்பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தான். உடையவில்லை. ஒல்லியான ஆள்.

மார்ச் 16, ஞாயிறு

சாப்பிடும்போது மனைவியிடம் இரண்டு வார்த்தை சொன்னேன், அவள் தம்பியைப் பற்றி. இரண்டு இல்லை, இருபது இருக்கும். "சோத்துல கைய வச்சுக்கிட்டு என் தம்பிய திட்டாதீங்க. உங்க வாய்க்குப் பயந்துதான் அவன் பட்டறைய விட்டே போனான். அதுக்கு முன்னாடி எத்தன வாடிக்கை போச்சுன்னு யோசிங்க" என்றாள்.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். தம்பி உடையாள் புருஷனுக்கு அஞ்சமாட்டாள் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

திங்கட்கிழமை பந்து கழுவும் நாள். ஹாலின் பராமரிப்பு என் பொறுப்பு என்பதால் அவன் மேசைக்கும் சாவி என்னிடம்தான். சோதனை மேசைகள் இரண்டின் பந்துகளையும், என் பையிலிருந்த உபரி வெள்ளைகளையும் ஒரே வாளியில் ஊறப் போட்டேன். மனைவி சொன்னது காதிலேயே ரீங்காரமிட்டது. வாடிக்கை போனதற்கு என் வாய்தான் காரணமா? கை தன்பாட்டுக்குத் துடைத்து அடுக்கியது.

மார்ச் 18, செவ்வாய்

விழுங்கிவிட்டது! அட்டைப்பெட்டி வெள்ளைப் பந்தை விழுங்கிவிட்டது! ஒரு மணி நேரத்தில் மூன்று முறை. டாக்சிக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதலாளியம்மா மச்சினனைக் கூப்பிட்டார். பத்துப் பேருக்கு முன்னால் நின்று கதவைத் திறந்தான். வெள்ளையை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். என்னை நிமிர்ந்து பார்த்தான். நானும் பார்த்தேன் — என்னடா முழிக்கிறாய், முழி. பிறகு பந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "எங்க காந்தத்துலதான் கோளாறும்மா. மன்னிச்சுக்குங்க. எடுத்துட்டுப் போயிடறேன்" என்றான்.

"ஆறும் நீங்களே செஞ்சிடுங்க, மேசைக்காரரே" என்றார் முதலாளியம்மா.

மார்ச் 19, புதன்

ஆறு மேசைக்கும் கற்பலகைக்குச் சொல்லியாகிவிட்டது. வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காவிட்டால் போகட்டும்.

மார்ச் 22, சனி

கருவிப் பையை ஒழித்துக்கொண்டிருந்தேன். எப்போதும் மூன்று உபரி வெள்ளைப் பந்து வைத்திருப்பேன். மூன்று இருந்தது. ஒன்று கைக்குச் சின்னதாகப் பட்டது. பட்டறையில் இருக்கும் மேசைக்குள் உருட்டினேன். பெரியது என்றால் வெளியே வர வேண்டும். வரவில்லை. மேல்பகுதியைக் கழற்றி எடுத்து, காந்தம் வைத்த திருப்புளியை அதன்மேல் வைத்தேன்.

ஒட்டிக்கொண்டது.

ஐயோ. அவன் பந்து என் பையில இருக்கு. என் பந்து அவன் மேசைக்குள்ள போயிருக்கு. காந்தம் எதை இழுக்கும்? அது மேல என்ன தப்பு? கழுவினது நான். அடுக்கினது நான். கைதட்டாத குறையா நின்னு வேடிக்கை பார்த்ததும் நான்தானே.

மார்ச் 23, ஞாயிறு

யாருக்குத் தெரியப் போகிறது என்று காலையில் நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. பந்தைக் குப்பையில் போட்டால் கதை முடிந்தது. ஆறு மேசை, பட்டறை திறந்திருக்கும்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அவனுக்கு அன்னைக்கே தெரியும். கையில எடுத்ததுமே உங்க பந்துன்னு தெரிஞ்சிடுச்சாம். பத்துப் பேர் முன்னாடி சொன்னா அத்தான் மானம் போயிடும், இருக்கற ஒரே எடமும் போயிடும்னு வாய மூடிக்கிட்டான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனான்."

யார் கேட்டா? யார் கேட்டா இவன்கிட்ட? எனக்குப் பிச்சை போடற அளவுக்கு வளர்ந்துட்டானா? எதிர்த்து நின்னு கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், ஆம்பளையா முடிச்சிருக்கலாம். மேசைய தூக்கிக்கிட்டு, தலைய குனிஞ்சுக்கிட்டு, எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டுப் போயிருக்கான். இதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம்.

அவன் தயவில் ஜெயித்த ஆறு மேசையில் நான் எப்படிப் பச்சைத் துணி ஒட்டுவேன்?

மார்ச் 24, திங்கள்

சொல்லிவிட்டேன். மனசு நல்லதால் இல்லை, அவனுக்குக் கடன்பட்டு வாழ என்னால் முடியாது என்பதால். அவன் பந்தையும் என் பெரிய பந்து ஒன்றையும் முதலாளியம்மாவின் மேஜைமேல் வைத்தேன்.

அவர் இரண்டையும் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "பன்னெண்டு வருஷமா சாவி உங்ககிட்ட இருக்கு. இது தெரியாம நடந்ததுன்னு நான் எப்படி நம்பறது?"

"நம்பச் சொல்லல. தெரிஞ்சு செஞ்சிருந்தா பந்தைக் கொண்டாந்து குடுத்திருக்க மாட்டேன்" என்றேன்.

"மறுபடி ஒரு மாசம் ஓடட்டும். சாவி இங்கயே இருக்கட்டும்."

வளையத்திலிருந்து சாவியைக் கழற்ற நகம் உடைந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

அவன் மேசைமேல் ஒரு கிளாஸ் குளிர்பானம் முழுசாகக் கொட்டியது. துணியை உரித்துப் பலகையைத் தடவிப் பார்த்தேன். ஊதவில்லை. ஏதோ பூசியிருக்கிறார்கள். மார்ச் 5 அன்று நான் எழுதியது தப்பு.

ஏப்ரல் 26, சனி

முடிந்தது. ஆறும் அவனுடையது.

என் கல்லில் ஒரு கீறல் இல்லை, மூலையில் ஒரு நசுங்கல் இல்லை. எப்படி இருக்கும்? ஆடினால்தானே. ஆட்கள் அந்த மேசைக்கு வரிசையில் நிற்கிறார்கள், பக்கத்தில் என்னுடையது காலியாக நிற்கிறது, அதன்மேல் ஹெல்மெட்டுகளைக் கழற்றி வைக்கிறார்கள். உறுதியாகச் செய்தேன். ஆடுகிறவன் கையைப் பற்றி யோசிக்கவே இல்லை, பன்னிரண்டு வருடமாக.

ஆறு பேர் என் மேசையைத் திருப்பி எடுத்து வந்தார்கள். பட்டறை வாடகையை அடுத்த மாதத்தோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன். மனைவி தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மே 7, புதன்

காலையில் மச்சினன் போன் செய்தான். பட்டறையை விட்டுப் போன இரண்டு வருடத்தில் முதல் முறை. "அத்தான், ஹால்ல நாலாவது மேசை. பந்து தானா எடப்பக்கம் ஓடுது. கம்பெனிக்காரங்க வந்து பார்த்துட்டு மேசையே கோணல்னு சொல்றாங்க, திருப்பி அனுப்பச் சொல்றாங்க. நீங்க என்னத் திட்டினாலும் பரவால்ல, ஒரு தடவ வந்து பாருங்க."

போகக் கூடாது என்றுதான் சட்டையைப் போட்டேன். போனேன்.

ரசமட்டத்தை மேசைமேல் நான்கு திசையிலும் வைத்துப் பார்த்தேன். பிறகு மேசைக்கு அடியில் படுத்துத் தரையில் வைத்தேன். அவன் பக்கத்தில் டையோடு மண்டியிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவன்டா மேசைய கோணல்னு சொன்னது?" என்றேன். "தரை சரிஞ்சிருக்கு. மேசையில ஒரு குத்தமும் இல்ல. அந்தக் கால நீ புடி, இத நான் ஏத்தறேன்."

காலின் திருகை இரண்டரைச் சுற்று ஏற்றினோம். பந்து வைத்த இடத்தில் நின்றது.